வரவுப் பக்கம்

காலை ஆறுக்கு ஒரு தடவை, மாலை ஆறுக்கு ஒரு தடவை
மீட்டர் கண்ணாடியைத் துடைத்து
எண் குறிப்பது என் வேலை.
முதலாளி கொடுத்த பேரேடு. அவரே பிள்ளையார் சுழி போட்டு
கீழே லாபம் என்று எழுதியிருந்தார்.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.
மூன்று வருஷமாக வலப்பக்கம்தான் நிறைகிறது.

பதினான்கு அறைக்கு நாளொன்றுக்குப் பதினோராயிரம் லிட்டர்,
மார்கழி சீசனில் பதினெட்டாயிரம்.
பள்ளத்தூருக்கு வருகிறவர்கள்
நிலைக்கதவைப் படம் எடுக்கிறார்கள்,
பர்மாத் தேக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள்,
முட்டை வெள்ளை பூசிய சுவரில் கன்னம் வைக்கிறார்கள்.
மோட்டார் ரூமை யாரும் கேட்டதில்லை.

நிலோஜினி கேட்டாள்.
நெடுந்தீவில் நாலு அறை வைத்து
வருகிறவர்களுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றுகிறவளாம்.
"மற்ற ஆக்கள் எப்பிடி நடத்தினம் எண்டு பாக்க வந்தனான்."
கிரீஸ் படிந்த தரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றினாள்,
சாமி அறை என்று நினைத்தாளோ என்னவோ.

எத்தனை அடி?
அறுநூற்று இருபது.
முந்தி?
முன்னூற்று எண்பது. அதற்கும் முந்தி ஊருணி.

குழாயைத் திருகி உள்ளங்கையில் பிடித்து
நாக்கு நுனியில் வைத்தாள்.
"உங்களுக்கு உப்பு வந்து சொல்லாது," என்றாள்.
"எங்களுக்குச் சொல்லும். நல்லதண்ணி
அடியில கிடக்கிற கடலுக்கு மேல
தோசை மாதிரி மெல்லிசா மிதக்குது.
ஆக்கள் கூட வரீனம் எண்டு ஒரு வருசம் மோட்டர் போட்டு இறைச்சன்.
மாசிக்குள்ள கிணறு சவராப் போச்சு.
பக்கத்து வளவுக்காரி இப்பவும் என்னோட கதைக்கிறேல்ல."

இங்கே கடல் இல்லையே என்றேன்.
அவள் வாசலைப் பார்த்தாள்.
மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தெருக்குழாய்க்கு
நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாகக் குடங்கள்
ஆளில்லாமல் வரிசையில் நின்றன.
கழுத்தில் சிவப்பு நூல் கட்டியது
என் மனைவி பஞ்சவர்ணத்தினுடையது.
நான் அதைச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி ஷவர் வேண்டாம் என்று வாளி வாங்கிக் குளித்தவள்
மறுநாள் மத்தியானம்
பின்கட்டு நீச்சல்குளத்தில் ஒரு மணி நேரம் மிதந்தாள்.
"காசு குடுத்தனான்தானே," என்று சிரித்தாள்.
எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கோலாலம்பூரிலிருந்து முதலாளி போன்:
மேல்மாடி சும்மாதானே கிடக்கு, இன்னும் பத்து அறை எடுக்கலாம்.
தண்ணி?
லாரியில வாங்கிக்கலாம்ப்பா.
லாரி எந்த ஊர்க் கிணற்றில் நிரப்பி வருகிறது என்று
கேட்க வாயெடுத்தேன். லைன் போய்விட்டது,
போனதா வைத்தாரா தெரியாது.

வரவேற்பறையில் இன்றைய சமையல் எழுதும் பலகையில்
வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசிக்குக் கீழே
நேற்று நாம் குளித்தது, துவைத்தது, மிதந்தது: 11,260
என்று சாக்பீஸால் எழுதினேன்.
ஒருவர் அறை வாடகை என்று நினைத்துப் பேரம் பேசினார்.
கோயம்புத்தூர் அம்மா ஒருவர் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்,
என் படுக்கை விரிப்பை நாளைக்கு மாற்ற வேண்டாம் என்றார்.
அழிக்கச் சொல்லி இன்னும் உத்தரவு இல்லை.

முற்றத்தின் நாலு மூலையிலும்
கூரைத் தண்ணீர் இறங்கும் வாய்களுக்கு
விருந்தாளிகள் வழுக்குவார்கள் என்று சிமெண்ட் வைத்து அடைத்திருந்தது.
அடைத்தவன் நான்தான்.
ஞாயிற்றுக்கிழமை உளி எடுத்தேன்.
மூன்று மூலை திறந்தன, நாலாவதில் உளி முறிந்தது.

ஐப்பசி பதினொன்று, அரை மணி நேரம் பெய்தது.
பேரேட்டின் இடப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.
மழைக்கு மீட்டர் இல்லை.
வாளியில் பிடித்துத் தொட்டியில் கொட்டி எண்ணினேன்.
நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது.
தப்பிவிட்டது
என்றே எழுதினேன்.